மணியாச்சிக்கு அப்புறம்

தொட்டுவிட்டேன். யானையைத் தொட்டிருக்க வேண்டும், குதிரையைத் தொட்டுவிட்டேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அதன் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன, யாருடைய விரல்களோ போல. கையை எடுக்காதே. எடுத்தாலும் ஒன்றுதான், தொட்ட காயை ஆடியே ஆக வேண்டும், அது போன வாரம் செஸ் கற்க ஆரம்பித்த குழந்தைக்கும் தெரியும். முகத்தை மாற்றாதே. முகம்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். யோசித்ததெல்லாம் சரிதான், அதுதான் தாங்க முடியவில்லை. முதலில் யானையை அவளுடைய ராஜாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வேண்டுமென்றே கொடுக்க வேண்டும், செக். அவள் ராணி வந்து அதை வெட்டியாக வேண்டும். ராணி அங்கே வந்ததும் என் குதிரை நடுக்கட்டத்துக்குப் பாய்ந்து ராஜாவையும் ராணியையும் ஒரே சமயத்தில் மிரட்டும், அத்தோடு ராணி போய்விடும், ஆட்டம் முடிந்துவிடும். மனதுக்குள் யானையைக் கொடுத்தாயிற்று, ராணி வெட்டியாயிற்று, எதிரே இருப்பவள் திடுக்கிட்டும் ஆயிற்று, அடுத்தது குதிரை என்று கையை நீட்டிவிட்டேன். பலகையில் இன்னும் எதுவுமே நடக்கவில்லை. யானை அதன் இடத்தில் அப்படியே நிற்கிறது. அவள் ராணியும் தூரத்திலிருந்து அந்த நடுக்கட்டத்தைப் பார்த்துக்கொண்டே நிற்கிறது. இப்போது குதிரை அங்கே போனால் சும்மா வெட்டிவிட்டுப் போகும். இந்த மாதிரித் தப்பை ஆடத் தெரியாதவர்கள் செய்ய மாட்டார்கள். இரண்டாவது நகர்வைப் பார்க்கத் தெரிந்தவளுக்குத்தான் இரண்டாவது நகர்வை முதலில் ஆடவும் தெரியும்.

பல்கலைக்கழகப் பெண்கள் அணியில் ஒரே ஓர் இடம்தான் பாக்கி. இந்த ஆட்டத்தில் ஜெயித்தால் எனக்கு. தோற்றால் அவளுக்கு. ட்ரா ஆனாலும் அவளுக்குத்தான், போன சுற்றுவரை அவள் என்னைவிட அரைப் புள்ளி அதிகம். அணி ரயிலில் புவனேஸ்வரம் போகிறது. எனக்கு இது கடைசி வருஷம், கோடையோடு கல்லூரி முடிந்துவிடும், அதற்குப் பிறகு நான் எந்த அணியிலும் இருக்கப் போவதில்லை, எந்த ரயிலுக்கும் யாரும் என் பெயரைப் படிக்கப் போவதில்லை. இதையெல்லாம் இப்போது ஏன் நினைக்கிறாய், குதிரையைப் பார். எட்டுக் கட்டம். முன்னால் போகும் நான்கில் மூன்றை அவள் காய்கள் குறிவைத்துக் காத்துக்கொண்டிருக்கின்றன, இன்னொன்றில் என் சிப்பாயே வழியை அடைத்து நிற்கிறது. பின்னால்? பின்னால் பார்க்கப் பிடிக்கவில்லை.    உள்ளங்கை ஈரமாகிறது, குதிரை வழுக்குகிறது, அழுத்திப் பிடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பார்க்கிறாளா? நிமிராதே. அவள் கைக்கடிகாரம் தெரிகிறது, மணிக்கட்டின் உள்பக்கம் முகம் வைத்துக் கட்டியிருக்கிறாள், பள்ளிக்கூட நாட்களிலும் அப்படித்தான் கட்டுவாள். சீலி. ஜெபசீலி. பெயர்ப்பட்டியலில் முழுப்பெயராகப் பார்த்தபோது யாரோ பெரிய மனுஷி மாதிரி இருந்தது.

கல்லூரியில் பரீட்சை நடக்கிறது என்று போட்டியை இந்தக் கல்யாண மண்டபத்தில் வைத்துவிட்டார்கள். மேடையில் நேற்று நடந்த கல்யாணத்தின் தெர்மாகோல் எழுத்துகளைப் பாதிதான் பிய்த்திருக்கிறார்கள், மாப்பிள்ளை பெயர் போய்விட்டது, பெண்ணின் பெயரில் பாதி நிற்கிறது. சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் இரண்டும் மூலையில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. எங்கேயோ வாடிய மல்லிகை வாசனை, அதற்கு அடியில் சாம்பார். மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தடவை முனகுகிறது. எனக்குச் செஸ் பிடித்துப்போனதற்குக் காரணமே, வாயைத் திறக்காமல் இருப்பதை யாரும் குறையாகச் சொல்லாத ஒரே இடம் அது என்பதுதான். சொந்தக்காரர் வீடுகளில், ‘பிள்ளை பேசவே மாட்டாளா’ என்று அம்மாவிடம் கேட்பார்கள். இங்கே பேசினால்தான் தட்டிக்கேட்க ஆர்பிட்டர் வருவார். யாரும் என்னைப் பார்க்க மாட்டார்கள், பலகையைத்தான் பார்ப்பார்கள், நான் மட்டும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருக்கலாம். பக்கத்து மேசைப் பெண் பயந்தால் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து திறந்து மூடுகிறாள், குடிப்பதில்லை. அதற்கடுத்த மேசைக்காரி ஜெயிக்கிற ஆட்டம் என்றால் எழுந்து போய் மற்ற மேசைகளை வேடிக்கை பார்ப்பாள். ஒவ்வொருவருக்கும் ஒன்று உண்டு. எனக்கும் உண்டு என்று எனக்கே தெரியாது, சீலி சொல்லித்தான் தெரியும். “ஏட்டி, நீ காயெல்லாம் கட்டத்துக்கு நடுவுல நேரா நேரா வச்சு அடுக்க ஆரம்பிச்சாலே உனக்கு வயித்தக் கலக்குதுன்னு தெரிஞ்சிரும். ஒங்கம்மா சாமி ரூம்ல குத்துவெளக்க வைக்கிற மாதிரி வைக்கிய.” அன்றைக்கு ரயிலில் கோபித்துக்கொண்டு கோவில்பட்டி வரை நான் அவளோடு பேசவில்லை. கோவில்பட்டியில் அவள்தான் பேசினாள்.

மூச்சை எண்ணச் சொல்வார்கள். தண்ணீர் குடிக்கச் சொல்வார்கள். கண்ணை மூடிக் கடலை நினை என்று ஒருவர் சொன்னார். தூத்துக்குடிக்காரிக்குக் கடலை நினைத்தால் உப்புக்காற்றும் மீன் ஏலச் சத்தமும்தான் வரும், அமைதி எங்கே வரும். சீலியும் நானும் எங்களுக்காகக் கண்டுபிடித்தது வேறு. ஸ்டேஷன் பெயர்களைச் சொல்வது. வாய்க்குள்ளேயே, உதடு அசையாமல், ரயில் போகிற வேகத்தில், அவசரப்படாமல். விருதுநகர் வந்து சேர்வதற்குள் பயம் இறங்கியிருக்கும். சொல். தூத்துக்குடி. மீளவிட்டான். தட்டப்பாறை. மணியாச்சி. மணியாச்சிக்கு அப்புறம். மணியாச்சிக்கு அப்புறம் என்ன? எனக்கு எப்போதும் அங்கேதான் மாட்டிக்கொள்ளும். அங்கே ரயில்கள் பிரிகின்றன, ஒன்று திருநெல்வேலிக்கு, ஒன்று மதுரைக்கு, என் மனமும் பிளாட்பாரத்தில் இறங்கி எதில் ஏறுவது என்று நின்றுவிடும். அவளிடம் கேட்பேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துகொண்டு, காற்றில் முடி வாய்க்குள் போக, அவள் சொல்வாள்.

போட்டிகளுக்குப் போய்வரும் சாயங்கால ரயில். எதிரெதிரே இரண்டு பாவாடை, நடுவில் முழங்கால்களின் மேல் காந்தப் பலகை. உள்ளங்கைகள் இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும், மடித்தால் டப்பா. அதில் வெள்ளைக் குதிரை ஒன்று தொலைந்துபோயிற்று, மதுரையிலோ சாத்தூரிலோ, இருக்கைக்கு அடியில் தவழ்ந்து தேடியும் கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு சோழியை வைத்தோம். சோழிக்குக் காந்தம் கிடையாது. ரயில் பிரேக் போட்டால் எல்லாக் காயும் நிற்கும், சோழி மட்டும் உருளும், உருண்டு பலகையின் என் பக்கத்து விளிம்பில் வந்து முட்டி நிற்கும். “உன் குதிர தூத்துக்குடிக்கே வந்துட்டுட்டி, அதுக்குப் பரதேசம் பிடிக்கல” என்பாள். அப்படித்தான் அந்தக் கட்டத்துக்குத் தூத்துக்குடி என்று பெயர் வந்தது, ஆட்டம் தொடங்கும்போது குதிரை நிற்குமே, அந்தக் கட்டம். நடுவில் எல்லாப் பக்கமும் பாயத் தோதான கட்டம் மணியாச்சி. மற்றவற்றுக்கும் பெயர் இருந்தது, மறந்துவிட்டது. பலகை இல்லாமலேயே ஆடுவோம், கண்ணை மூடிக்கொண்டு. “குதிர மணியாச்சி.” “வெட்டிட்டேன்.” “எத வச்சு?” “ராணிய வச்சு.” எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், “எம்மா, யாரம்மா வெட்டுன?” என்று பதறியேவிட்டார். எங்கள் அம்மாக்கள் இருவரும் பக்கத்து இருக்கையில் ஒரே டிபன் டப்பாவைப் பகிர்ந்துகொண்டு எங்கள் பள்ளிக்கூடக் கதையைப் பேசுவார்கள். பலகையை மூடு, சாப்பிடு, இறங்கணும் என்று அம்மா சொல்லும்போதெல்லாம் சீலி பார்க்காமலேயே கையைக் காட்டுவாள், “இன்னும் ஒரு ஸ்டேஷன் ஆன்ட்டி. ஒரே ஒரு ஸ்டேஷன்.” அந்த ஒரு ஸ்டேஷன் முடிவதே இல்லை. தோற்றால் எங்கள் ஊர் முந்திரி மக்ரூன் கொடுக்க வேண்டும் என்று பந்தயம், தோற்றவளும் அதில் பாதியைத் தின்றுவிடுவாள். பெரியவளானதும் ரெண்டு பேரும் ஒரே டீம்ல, ரொம்ப தூரம் போகிற ரயிலில், ரெண்டு ராத்திரி தூங்குகிற தூரத்துக்கு, வெளியே பார்த்தால் ஸ்டேஷன் பெயரைப் படிக்கவே தெரியாத ஊருக்குப் போக வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அவள் சொன்னாளா நான் சொன்னேனா, அது நினைவில்லை. பிறகு அவள் அப்பாவுக்கு வங்கியில் கோயம்புத்தூருக்கு மாற்றலாகிவிட்டது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றாலாவது சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். பிறந்தநாளுக்குப் போன், பிறகு மெசேஜ், பிறகு அதுவும் இல்லை. இந்த வருஷம் மேல்படிப்புக்கு நான் படிக்கிற திருநெல்வேலிக்கே வந்திருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன், போய்ப் பார்க்கலாம் என்று நினைத்தேன், நினைத்துக்கொண்டே இருந்தேன். என் கூச்சம் எனக்குத் தெரியும், கதவைத் தட்டுமுன் கதவு திறந்தால்தான் உள்ளே போவேன். இன்று காலை கை குலுக்கினோம். விதி அது, ஆட்டத்துக்கு முன் கை குலுக்க வேண்டும். உள்ளங்கை குளிர்ந்து இருந்தது. “நல்லாருக்கியா?” என்றாள். “ம்” என்றேன். அவ்வளவுதான்.

கடிகாரம் என் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கிறது. இன்னும் குதிரையைப் பிடித்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் இருக்கும் கட்டங்களைப் பார், பிடிக்காவிட்டாலும் பார். ஒன்றில் போனால் யானையின் வழி அடைபடும். ஒன்றில் போனால் அவள் பிஷப் நுழைந்துவிடும். ஒன்றில் என் சிப்பாய். இன்னொன்று, மூலைக்குப் பக்கத்தில், காலையில் கிளம்பிய இடம். இத்தனை நேரம் ஆடிவிட்டுக் கிளம்பிய இடத்துக்கே போவதா? மண்டபத்தில் எல்லோரும் பார்ப்பார்கள். யாரும் பார்க்க மாட்டார்கள், உன்னை யார் பார்க்கிறார்கள். கடைசியில் நிமிர்ந்துவிட்டேன். அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையை அல்ல, என்னை. எனக்குத் தெரிந்த அதே கண், இடது புருவத்தில் அதே வெட்டு, எங்கள் வீட்டு மாடிப்படியில் விழுந்தது. நேற்று யாராவது இவள் முகம் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தால் புருவ வெட்டைச் சொல்லியிருக்க மாட்டேன். அவள் கொஞ்சம் முன்னால் குனிந்தாள். உதடு மட்டும் அசைகிற மாதிரி, “பாகி” என்றாள். கல்லூரியில் எல்லோருக்கும் நான் பிரியா. பாகம்பிரியாள் என்பதில் முன்பாதியை எடுத்துக்கொண்டவள் இவள் ஒருத்திதான். “பாகி. அட்ஜஸ்ட்டா?”

அட்ஜஸ்ட். சாய்ந்து நிற்கிற காயை நேராக வைக்கும்போது சொல்கிற சொல். முதலிலேயே சொல்லிவிட்டுத் தொட வேண்டும், அப்போது அதை ஆடியே தீர வேண்டும் என்பதில்லை. நான் சொல்லவில்லை. ஆனால் எதிராளி ஒப்புக்கொண்டால் யார் வந்து கேட்கப் போகிறார்கள். ஆர்பிட்டர் மண்டபத்தின் அந்தக் கோடியில் யாருக்கோ பேனா கொடுத்துக்கொண்டிருக்கிறார். ஆமாம் என்று தலையசைத்தால் போதும். விரலை எடுத்துவிடலாம், யானையைத் தூக்கலாம், செக், ராணி, குதிரை, புவனேஸ்வரம். ஏன் கேட்கிறாள்? இரக்கமா? நான் பயந்தால் காய்களை அடுக்குவேன் என்று தெரிந்தவள், இதையும் அப்படி ஒன்று என்றே நினைத்திருக்கலாம். இல்லை, பயந்துவிட்டேனா என்று உறுதிசெய்துகொள்கிறாளா, ஆமாம் என்றால் பயம், இல்லை என்றால் தப்பு, இரண்டில் எது என்று தெரிந்தால் அவளுக்கு லாபம். இல்லை, ஆமாம் என்று சொல்ல வைத்துவிட்டு ஆர்பிட்டரைக் கூப்பிடுவாளா? சீச்சி. சீலி அப்படிச் செய்ய மாட்டாள். அந்தச் சீலி செய்ய மாட்டாள், இந்தச் சீலியை எனக்கு எவ்வளவு தெரியும். ஒருவரோடு பேசாமல் இருந்துவிட்டால் அவருடைய நல்லதைக்கூட இப்படிப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. தூத்துக்குடி. மீளவிட்டான். தட்டப்பாறை. மணியாச்சி. அப்புறம், அப்புறம், காற்றில் முடி வாய்க்குள் போக, “கடம்பூர்ட்டி. போளி விக்கிற ஊரு. அதப் போயி மறப்பியா?” கடம்பூர். நெய் மணக்கிற போளி, வாழையிலையில் சூடாக, விரல் நுனி சுட. கடம்பூர், கோவில்பட்டி, சாத்தூர், விருதுநகர். மின்விசிறி முனகுவது மறுபடி கேட்கிறது. உள்ளங்கை ஈரமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது என் கை.

“இல்ல” என்றேன். “தொட்டுட்டேன்.” குரல் இவ்வளவு சாதாரணமாக வரும் என்று நினைக்கவில்லை. குதிரையைத் தூக்கினேன். பலகைக்கு மேலே ஒரு கணம் அது நின்றது, பிறகு பின்னால், மூலைக்குப் பக்கத்தில், கிளம்பிய இடத்தில் வைத்தேன், கட்டத்துக்கு நடுவில்கூட இல்லை, கொஞ்சம் சாய்ந்து. நேராக்கவில்லை. கடிகாரத்தை அழுத்தினேன். சீலி அந்தக் கட்டத்தைப் பார்த்தாள். அவள் வாயின் ஓரம் உள்ளே மடிந்தது, சிரிப்பை மறைக்க அவள் அப்படித்தான் செய்வாள். சத்தமே இல்லாமல், “தூத்துக்குடியா?” என்றாள்.  அந்தக் கட்டத்துக்கு அப்படி ஒரு பெயர் இருப்பது உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேரும் ஒரே மேசையில் எதிராளிகளாக உட்கார்ந்திருக்கிறோம்.

அவள் யோசித்தாள். ராணியை எடுத்துக்கொண்டு உள்ளே வருவாள் என்று எதிர்பார்த்தேன், வந்தால் எனக்குக் கஷ்டம்தான். வரவில்லை. ராஜாவை ஒரு கட்டம் தள்ளி வைத்தாள். சாதாரண ஒதுக்கம். ஆனால் சரியாக அந்தக் கட்டத்திலிருந்து, என் யானை போய்ச் செக் வைத்திருக்க வேண்டிய வரிசையிலிருந்து. அப்படியென்றால் பார்த்திருக்கிறாள். யானை, ராணி, குதிரை, மூன்றையும் பார்த்திருக்கிறாள், நான் பார்ப்பதற்கு முன்பே பார்த்திருக்கலாம், தடுக்க முடியாமல் போன நகர்விலிருந்து இவ்வளவு நேரமும் நான் கண்டுபிடித்துவிடுவேனா என்று முகத்தில் ஒரு கோடு அசையாமல் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் குதிரையைத் தொட்டதும் என்ன நடந்தது என்று அவளுக்குப் புரிந்திருக்கும். இது சாய்ந்த காயை நிமிர்த்துகிற கை இல்லை, ஒன்றை விட்டு அடுத்ததைத் தொட்ட கை என்று. அது தெரிந்துதான் அட்ஜஸ்ட்டா என்று கேட்டிருக்கிறாள். நான் ஆமாம் என்றிருந்தால் அவள் ராணி போயிருக்கும், ரயில் போயிருக்கும். அதையெல்லாம் என் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, உதட்டை மட்டும் அசைத்து, ஒன்றுமில்லாத மாதிரி கேட்டிருக்கிறாள். நான் அதை எங்கெங்கெல்லாம் கொண்டுபோய் உரசிப் பார்த்தேன். பலகையில் காய்கள் கலங்கித் தெரிந்தன, இமைத்தேன், சரியாயிற்று.

கடிகாரத்தை அவள் இன்னும் அழுத்தவில்லை. “ட்ரா?” என்றாள். அப்படித்தான் கேட்க வேண்டும், ஆடிவிட்டு, அழுத்துவதற்கு முன்னால். ஒரு சொல்தான். பிறகு அழுத்தினாள். கொடுத்ததை நான் வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் இப்போது தனக்கு வேண்டியதைக் கேட்கிறாள், அதில் தப்பொன்றும் இல்லை. ட்ரா என்றால் அவள் போவாள். என் நிலைமை மோசம், வெளியே யாரிடம் கேட்டாலும் ஒப்புக்கொள் என்றுதான் சொல்வார்கள். கை குலுக்கலாம், இரண்டு பேரும் தோற்கவில்லை, வெளியே போய் டீ குடிக்கலாம், கோயம்புத்தூரைப் பற்றிக் கேட்கலாம், மாடிப்படியைப் பற்றிப் பேசலாம். ஆசையாக இருந்தது. அப்போதுதான் அவள் கைகளைப் பார்த்தேன். மேசையின் மேல் இல்லை. இரண்டையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேல் உட்கார்ந்திருந்தாள், தோள்கள் காதுக்குப் பக்கத்தில் ஏறியிருந்தன. பயந்தால் அவளுக்கு உள்ள பழக்கம் அது. ரயிலில் தோற்கப் போகிற ஆட்டங்களில் அப்படித்தான் உட்காருவாள், கைகள் தன்னைக் கேட்காமல் எதையாவது தொட்டுவிடும் என்று. எனக்கு மட்டும்தான் அது தெரியும், அவளிடம் நான் சொன்னதே இல்லை, சொன்னால் மாற்றிக்கொள்வாள் என்று. நிலைமை நல்லதாக இருந்தும் அவளுக்குப் பயம். இவ்வளவு நேரமும் பயந்துகொண்டுதான் அந்த முகத்தை அப்படி வைத்திருந்தாள்.

பலகையைப் பார்த்தேன். மோசம்தான், ஆனால் முடிந்துபோகவில்லை. சிப்பாய்கள் இருக்கின்றன. யானை இருக்கிறது. மூலைக்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிற குதிரைக்குத் திரும்பவும் நடுவுக்கு வர வழி இருக்கிறது, சுற்று வழி, மெதுவான வழி, ஆனால் வழி. நான் அவள் முகத்தை நேராகப் பார்த்தேன், நான் பொதுவாக யாருடைய முகத்தையும் அப்படிப் பார்ப்பதில்லை.

“இன்னும் ஒரு ஸ்டேஷன்” என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். கையை அடியிலிருந்து உருவி வாயைப் பொத்துவதற்குள் சத்தம் வந்துவிட்டது, மண்டபம் முழுவதும் திரும்பிப் பார்த்தது, ஆர்பிட்டர் அந்தக் கோடியிலிருந்து விரலை உதட்டில் வைத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார். என் நேரம் ஓடிக்கொண்டிருந்தது. என் கைகளை எடுத்துத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். ரெக்ஸின் இருக்கை சூடாக இருந்தது. எதைத் தொட வேண்டும் என்று தெரியும்வரை அவை அங்கேயே இருக்கட்டும். தூத்துக்குடி. மீளவிட்டான்.